குரூப் 4-ல் வந்தவர்கள் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "லட்சக்கணக்கான பேர் அரசு வேலைக்குக் காத்துக் கிடக்கிறார்கள். ஆனால் எந்த ஆபீஸுக்குப் போனாலும் 'ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்கிறார்கள். என் அக்கா குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. வேலையை விடப் போகிறேன் என்று தினமும் சொல்கிறாள். தேர்வு முறையில் கோளாறா? சம்பளம் போதவில்லையா? இதைச் சரிசெய்யவே முடியாதா?" பல கேள்விகள்போல இருந்தாலும் கேட்டிருப்பது ஒன்றுதான். ஆளைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு பாடுபடும் அரசு, வந்து சேர்ந்த ஆளை என்ன செய்கிறது? கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது என்பது என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் அமைச்சுப் பணியில், அதாவது அரசு அலுவலகங்களில் ஃபைல் பார்க்கும் எழுத்தர் வரிசையில், இளநிலை உதவியாளராக நுழைந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பாதிக்கு மேல் பணியமைப்புப் பிரிவில், அதாவது எல்லாரும் 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்று சொல்லும் சீட்டில்தான் கழிந்தது. நியமனம், மாறுதல், விடுப்பு, பதவி உயர்வு, குற்றச்சாட்டு என்று அடுத்தவர் வாழ்க்கையெல்லாம் ஃபைலாக என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. இப்போது தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். சனி ஞாயிறில் பிள்ளைகள் சிலருக்குத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. ஆகவே நான் சொல்வது அமைச்சுப் பணியாளர்களைப் பற்றி மட்டும். ஆசிரியர்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம், காவலர்களுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், மருத்துவர் செவிலியர்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் என்று தனித்தனி வழி இருக்கிறது. அங்கே உள்ள சிக்கல்கள் வேறு மாதிரியானவை. அவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் தேர்வு. பிராட்வே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, குரூப் 4 நடத்தும் டி.என்.பி.எஸ்.சி. என்கிற தேர்வாணையம், அதன் வேர் 1929-ல் தொடங்கிய மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன். இந்தியாவில் ஒரு மாகாணம் தனக்கென்று அமைத்த முதல் தேர்வாணையம் அதுதான். சிபாரிசுக்கு வேலை போடும் வழக்கத்தை ஒழிக்க வந்த ஏற்பாடு, இன்றைக்கும் அந்த வேலையை ஓரளவு ஒழுங்காகவே செய்கிறது. 2019 குரூப் 4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு 2020 ஜனவரியில் வெடித்து, 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதன் பிறகு பாதுகாப்புக் கட்டங்கள் கூடின. 2022 ஜூலை 24-ல் நடந்த குரூப் 4-க்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்து 18 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். முடிவு வந்தது 2023 மார்ச் 24. எட்டு மாதம்! பிள்ளைகள் நொந்தே போனார்கள். ஆனால் 2024 ஜூன் 9-ல் நடந்த தேர்வுக்கு அக்டோபர் 28-லேயே முடிவு வந்துவிட்டது. 2025 ஜூலை 12 தேர்வுக்கு அந்த வருஷமே அக்டோபர் 22. தேர்வாணையம் வேகம் பிடித்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணையை முன்கூட்டியே வெளியிடும் பழக்கமும் நல்லது. பிள்ளைகள் அதை வைத்துத்தான் வருஷத்தைத் திட்டமிடுகிறார்கள்.

அப்படியானால் காலியிடம் ஏன் நிரம்பவில்லை? இங்கேதான் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. 2022 அறிவிப்பில் இடங்கள் 7,301. கடைசியில் எடுத்தது பத்தாயிரத்துக்கும் மேல். 2024-ல் 6,244 என்று ஆரம்பித்து 9,491-ல் வந்து நின்றது. கூடினால் நல்லதுதானே என்று தேர்வு எழுதும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். சீட்டில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இது வேறு விதமாகத் தெரியும். அறிவிப்பு வரும் நாளில் எத்தனை பேர் தேவை என்பது துறைகளுக்கே முழுசாகத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் எழுதி அனுப்பவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

ஏன் அனுப்பவில்லை? சோம்பல் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் பேனல், அதாவது பதவி உயர்வுப் பட்டியல். இளநிலை உதவியாளர் இடம் காலியாவது பெரும்பாலும் அங்கே இருப்பவர் உதவியாளராகப் பதவி உயர்வு பெறும்போது. அவர் உயர வேண்டுமானால் பதவி உயர்வுப் பட்டியல் ஒப்புதலாக வேண்டும். பட்டியல் போட முதுநிலை, அதாவது யாருக்கு யார் சீனியர் என்பது, முடிவாக வேண்டும். முதுநிலையில் யாராவது ஒருவர் வழக்குப் போட்டிருப்பார். இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி வரிசைப்படியா, தேர்வில் வாங்கிய தரவரிசைப்படியா என்ற சண்டை பல வருஷம் ஓடியது. 2016-ல் கொண்டுவந்த பணி நிபந்தனைச் சட்டத்தில் இனச்சுழற்சிப்படி முதுநிலை என்று சொன்ன 40-ஆம் பிரிவை 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்ததும், துறை துறையாக முதுநிலைப் பட்டியலை மறுபடி போட வேண்டி வந்தது. தரவரிசைதான் நியாயம் என்று ஒரு சாரார், இனச்சுழற்சி வந்த நோக்கமே பாழாகிறது என்று ஒரு சாரார். அந்த வாதத்துக்குள் இங்கே போகவில்லை. மேலே ஒரு பட்டியல் நின்றால் கீழே மூன்று நிலை நிற்கும், அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆள் இல்லாத நாற்காலி கண்ணுக்குத் தெரியும், ஆனால் காகிதத்தில் அது 'காலி' ஆகியிருக்காது.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. 2001 நவம்பரில் புதிய நியமனங்களுக்குத் தடை வந்து 2006 வரை நீடித்தது. அந்த ஐந்து வருஷத்தில் சேர்ந்திருக்க வேண்டியவர்கள்தான் இன்றைக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயதில் பிரிவுக்குத் தூணாக இருந்திருக்க வேண்டும். அந்த வயதுக்காரர்கள் பல அலுவலகங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அப்புறம் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது, அடுத்த வருஷமே 60 ஆனது. பெரியவர்கள் இரண்டு வருஷம் கூடுதலாக உட்கார்ந்தார்கள், பிறகு கும்பலாகப் போக ஆரம்பித்தார்கள். விளைவு என்னவென்றால், ஒரு பக்கம் ஓய்வை எண்ணிக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர், இன்னொரு பக்கம் நேற்று வந்த இருபத்தைந்து வயதுப் பிள்ளை. நடுவில் நின்று 'இதை இப்படிச் செய்யம்மா' என்று சொல்ல ஆள் இல்லை. புதிதாக வருபவர்கள் தவிப்பதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான்.

எப்படித் தவிக்கிறார்கள் என்பதைச் சொன்னால்தான் புரியும். வடசென்னையில் நான் இருந்த ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருவர் வந்து சேர்ந்தார், பி.எஸ்சி. கணிதம், முதல் தலைமுறைப் பட்டதாரி. அவருக்குக் கொடுத்த சீட்டு மாதக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தது. பக்கத்துப் பிரிவு உதவியாளர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார் என்பார்கள். கூடுதல் பொறுப்பு என்றால் அவசரத் தபாலுக்கு மட்டும் பதில், மற்றதெல்லாம் அப்படியே. பீரோவைத் திறந்தால் நாடா கட்டாத ஃபைல்கள். சீட்டுக்கு வரும் தபாலைப் பதியும் தன்பதிவேட்டில் கடைசிப் பதிவு போன தீபாவளிக்கு முந்தையது. பதிவேற்றாத தபாலெல்லாம் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் மேசைக்கு அடியில் இருந்தது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லவே இல்லை, ஒப்படைக்க ஆள் இருந்தால்தானே பட்டியல் இருக்கும்? சேர்ந்த இரண்டாம் நாளே மேலிடத்திலிருந்து ஒரு ரிட் மனுவுக்கு எதிருறுதி ஆவணம், அதாவது கோர்ட்டில் போடும் பதில், தயார் செய்யச் சொல்லி நினைவூட்டு வந்தது. அந்தப் பெண்ணுக்கு ந.க. எண், அதாவது ஃபைல் எண், என்றால் என்ன என்பதே அன்றுதான் தெரியும். மூன்றாம் மாதம், அவர் சேர்வதற்கு முன்பே தேங்கிப்போன ஒரு விண்ணப்பத்துக்காக அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ. பதில் எழுதத் தெரியாமல் பெண்கள் கழிப்பறையில் போய் அழுதார். அதுவும் பூட்டிய கழிப்பறை, சாவியை அலுவலக உதவியாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். பிறகு மருத்துவ விடுப்பு, வங்கித் தேர்வு, ராஜினாமா. இந்தப் பெண் விட்டுப்போனதைச் 'சம்பளம் போதவில்லை' என்ற கணக்கில் எழுத முடியுமா?

அதே கட்டடத்தில் இன்னொரு பிரிவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே இருந்த கண்காணிப்பாளர் அம்மா கறார்ப் பேர்வழி, யாருக்கும் பிடிக்காது. ஆனால் புதிதாக வந்த பையனுக்கு அவர் முதல் இரண்டு வாரம் சீட்டே கொடுக்கவில்லை. தன் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, காலையில் வரும் தபாலைப் பிரித்து, எது எந்த சீட்டுக்குப் போகும், ஏன் போகும் என்று அவனையே சொல்ல வைத்தார். தப்பாகச் சொன்னால் எல்லார் முன்னிலையிலும் திட்டு. மூன்றாம் வாரம் பழைய ஃபைல் ஒன்றைக் கொடுத்து, 'இதற்கு நீ இருந்தால் எப்படிக் குறிப்பு எழுதியிருப்பாய், எழுது' என்றார். மாத முடிவில்தான் சீட். அந்தப் பையன் இப்போது உதவியாளர். இந்த ஏற்பாட்டுக்கு அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அது அந்த அம்மாவின் குணத்தால் நடந்தது, எந்த விதியாலும் இல்லை. நல்ல கண்காணிப்பாளர் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்ற நிலைதான் இன்னும்.

பவானிசாகர் பயிற்சி இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் அந்தக் குடிமைப் பணிகள் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி உருப்படியாகவே நடக்கிறது. அலுவலக நடைமுறை, கணக்கு, விதிகள் எல்லாம் சொல்லித்தருவார்கள். போய் வந்தவர்கள் தெளிவாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். பிரச்சினை வரிசை. ஒரே தேர்வில் பத்தாயிரம் பேர் சேர்ந்தால் எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்ப இடம் இருக்காது. ஆகவே தப்பெல்லாம் செய்து, மெமோ எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் பலருக்கு முறை வருகிறது. அந்தப் பயிற்சியை முடித்தால்தான் தகுதிகாண் பருவம், அதாவது புரொபேஷன், நிறைவாகும் என்பதால், முறை தள்ளிப்போனால் பதவி உயர்வும் தள்ளிப்போகும். முழுப் பயிற்சிக்கு இடமில்லை என்றால், சேர்ந்த முதல் மாதத்திலேயே மாவட்ட அளவில் ஐந்து நாள் நடத்தலாம். தபால், தன்பதிவேடு, குறிப்பு எழுதுவது, விடுப்பு விதி, ஒரு மெமோவுக்கு எப்படிப் பதில் எழுதுவது, இவ்வளவு போதும். ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்கள் டீச்செலவுக்கே வந்து நடத்தித் தருவோம்.

விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் அழுதுகொண்டு போகிறவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குரூப் 4-க்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. எழுதுகிறவர்களோ பட்டதாரிகள், முதுகலை, பொறியியல். அவர்கள் இதைக் கடைசி நிலையமாக நினைத்து வருவதில்லை. கையில் ஒரு வேலை இருக்கட்டும் என்று சேர்ந்து, குரூப் 2, குரூப் 1, வங்கி, ரயில்வே என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். வேறு தேர்வு எழுத அலுவலகம் தர வேண்டிய தடையின்மைச் சான்று கேட்டு வருகிறவர்களை மேலதிகாரிகள் துரோகியைப் போலப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. குரூப் 2-க்குப் போகிறவர் அரசை விட்டா போகிறார்? அரசுக்குள்ளேயேதான் மேலே ஏறுகிறார். நஷ்டம் அவர் போவதில் இல்லை, அவர் விட்டுப்போகும் நாற்காலி அடுத்த தேர்வு வரைக்கும் காத்திருப்பதில் இருக்கிறது. இவ்வளவு பேர் இத்தனை மாதத்தில் போவார்கள் என்று முன்கூட்டியே கணித்து இடம் கேட்கும் பழக்கம் துறைகளிடம் வர வேண்டும். ராஜினாமா ஏற்கப்பட்ட தேதியும் பணி ஓய்வுத் தேதியும் களஞ்சியத்தில், அதாவது சம்பளம் போடும் அந்த ஒருங்கிணைந்த கணினி அமைப்பில், ஏற்கெனவே இருக்கின்றன. மறுபடி ஒவ்வோர் அலுவலகமும் காகிதத்தில் காலியிட விவரம் நிரப்பி அனுப்பக் காத்திருப்பது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். இளநிலை உதவியாளரின் அடிப்படை ஊதியம் 19,500-ல் ஆரம்பிக்கிறது, அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. தனியாரில் பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பிள்ளைகள் இருக்கும் வடசென்னையில் இது குறைந்த சம்பளம் இல்லை. ஆனால் திருநெல்வேலியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்து இங்கே அறை எடுத்துத் தங்குகிறவருக்கு அதே சம்பளம் ஊருக்கு அனுப்ப மிஞ்சாது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் பொருந்தாது என்பது சங்கங்களின் நியாயமான குறை. ஆனால் இருபத்தைந்து வயதில் ஒருவர் வேலையை விடுவதற்கு முப்பத்தைந்து வருஷம் கழித்து வரும் ஓய்வூதியம் காரணமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. இது என் அனுமானம்தான், மறுப்பவர்கள் மறுக்கலாம். நான் பார்த்தவரை சம்பளத்தைவிட ஊர்தான் ஆளை இழுக்கிறது. கலந்தாய்வில் தரவரிசைப்படி அழைக்கும்போது சொந்த மாவட்டத்து இடங்கள் தீர்ந்துபோனால் மிச்சம் இருப்பது சென்னை. 'ஒருவழி மாறுதல்' கேட்டால் போய்ச் சேரும் இடத்தில் முதுநிலை கடைசிக்குப் போய்விடும். 'மனமொத்த மாறுதல்' வேண்டுமானால் அங்கிருந்து இங்கே வரத் துடிக்கும் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வாட்ஸ்ஆப் குழுக்களில் இதற்கென்றே ஒரு கல்யாணத் தரகு நடக்கிறது. துறையே ஒரு பொதுப் பதிவேடு வைத்து, யார் எங்கே போக விரும்புகிறார் என்று வருஷத்துக்கு இரண்டு முறை பொருத்திப் பார்த்தால், விடுவதா வேண்டாமா என்று ஊசலாடுகிற பலர் தங்கிவிடுவார்கள்.

வடசென்னைக்கு இதில் தனியாக ஒரு சங்கடமும் ஒரு வாய்ப்பும் இருக்கின்றன. சங்கடம் என்னவென்றால், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் என்றாலே ஊழியர்களிடையே ஒரு முகச்சுளிப்பு. தண்டனைக்கு அனுப்புகிற இடம் என்ற பேச்சு இன்னும் போகவில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு போக்குவரத்து கொஞ்சம் தேவலை, ஆனால் மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடியில் இருக்கும் அலுவலருக்கே புளியந்தோப்பு போவது பாடுதான். வாய்ப்பு என்ன? இங்கேயே பிறந்து வளர்ந்தவர் இங்கே வேலைக்கு வந்தால் ஊரைத் தேடி ஓட மாட்டார். தேர்வாணையம் மாநிலம் முழுமைக்கும் பொதுவானது, இந்தப் பேட்டைக்காரருக்கு இந்தப் பேட்டையில் வேலை என்று ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆனால் இங்கிருந்து தேறுகிறவர்கள் எண்ணிக்கையைக் கூட்டலாம். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியில் அரசே இலவசப் பயிற்சி மையம் நடத்துகிறது, 500 பேர் வரை சேரலாம். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு குரூப் 4-ல் பாதிக் கேள்வி, 200-ல் 100, தமிழிலிருந்துதான். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது வரம். தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்தச் சான்றிதழைப் பள்ளியில் வாங்கி வைக்காமல் கடைசி நேரத்தில் ஓடி இடத்தை இழந்த பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

பெண்கள் விஷயத்தில் அரசு சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். தகுதிகாண் பருவத்தில் எடுக்கும் மகப்பேறு விடுப்பையும் பணிக்காலமாகவே கணக்கிடுவோம் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதற்கு முன்பு, பிள்ளை பெற்றதற்காகவே கூடச் சேர்ந்தவர்களைவிட ஒரு வருஷம் பின்தங்கிய பெண்களின் ஃபைல்களை நானே பார்த்திருக்கிறேன், ஆகவே இதன் அருமை தெரியும். ஆனால் ஒரு வருஷம் விடுப்பில் போகிறவரின் சீட்டை யார் பார்ப்பது? மாற்று ஆள் கொடுப்பதில்லை. பக்கத்து சீட்காரர் தலையில் விழுகிறது. அவர் விடுப்பில் போனவர்மேல் எரிச்சல்படுகிறார், அவர் திரும்பி வந்தால் குத்திப் பேசுகிறார். சட்டம் கொடுத்த சலுகையை அலுவலகம் பழியாக மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் விடுப்புக் காலி நிரப்ப என்றே கொஞ்சம் பேரைச் சேமிப்பில் வைத்திருக்க வேண்டும். 'லீவ் ரிசர்வ்' என்று பழைய காலத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஆட்குறைப்புப் பேச்சு வந்தாலே முதலில் வெட்டு விழுவது அதன் மேல்தான்.

ஆள் போதாததற்கு ஒப்பந்தமும் வெளிமுகமையும்தான் தீர்வு என்று ஒரு வாதம் உண்டு. இதில் நான் திடமாக ஒரு பக்கம் நிற்பவன், ஆகவே அந்தக் கணக்கோடு படியுங்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்தது உங்கள் தெருவுக்கே தெரியும். இரண்டு மண்டலத்துக் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததுதான் காரணம். பதின்மூன்றாம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது, மறுநாள் காலைச் சிற்றுண்டி, காப்பீடு என்று நலத்திட்டங்கள் அறிவிப்பானது. செலவு குறையும், திறமை கூடும் என்பது நிர்வாகத்தின் தரப்பு. தனியார் வசம் போன மண்டலங்களில் தெரு சுத்தமாகியிருக்கிறதா என்பது தெருவுக்குத் தெரு மாறுகிறது, அதில் ஒரே தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் ஒரே வேலையைச் செய்தவரை ஒரே நாளில் 'நீ எங்கள் ஆள் இல்லை' என்று சொல்லும் இடத்தில் யாருக்கும் வேலைமேல் பற்று வராது. இது துடைப்பம் பிடிப்பவருக்கும் கணினி முன் உட்கார்ந்திருக்கும் தற்காலிகத் தட்டச்சருக்கும் ஒன்றுதான்.

ஃபைலைக் கணினியிலேயே நகர்த்தும் மின் அலுவலகம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் அப்படியே ஏற்கவில்லை. ஃபைல் எங்கே நிற்கிறது என்று தெரியும், அது பெரிய லாபம். கட்டைப்பையில் தபால் கிடக்காது. ஆனால் சீட்டில் ஆள் இல்லாவிட்டால் அது திரையில் நிற்கும், அவ்வளவுதான். அதோடு முகாம், தேர்தல், வெள்ளம், கணக்கெடுப்பு என்று வருஷம் முழுக்க வரும் கூடுதல் பணிகள். 2023-ல் மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பம், 2025-ல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள், நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். ஒவ்வொன்றும் அவசியமானதாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதே நபர்கள்தான். முகாமுக்குப் போன நாளுக்குரிய சீட் வேலை யார் தலையில் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. நீங்கள் 'அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலைக் கேட்கும் பாதி நாட்களில் அந்த நாற்காலிக்காரர் ஏதோ ஒரு மண்டபத்தில் மனு வாங்கிக்கொண்டிருப்பார்.

சரி தம்பி, உங்கள் அக்காவுக்கு வருகிறேன். விதி மாறும்வரை அவர் காத்திருக்க முடியாது. விடுவதா இருப்பதா என்பது அவர் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் விடுவதாக இருந்தாலும் சில வேலைகளை முடித்துவிட்டு யோசிக்கச் சொல்லுங்கள். முதலாவது, தான் சேர்ந்த நாளில் சீட்டில் என்னென்ன நிலுவை இருந்தது என்று ஒரு பட்டியல் தயாரித்து, கண்காணிப்பாளர் வழியாக அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைக்கட்டும். ஒரு வருஷம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், தபால் தேதிகளை வைத்து இப்போதும் தயாரிக்கலாம். முந்தையவர் காலத்துத் தாமதத்துக்கு மெமோ வந்தால் அந்தக் காகிதம்தான் கேடயம். இரண்டாவது, மெமோ எதற்கும் வாய்மொழியாகப் பதில் சொல்லி விட்டுவிடக் கூடாது. கொடுத்த கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், நேரம் போதாவிட்டால் கால அவகாசம் கேட்டு எழுத வேண்டும். சும்மா இருந்தால் விளக்கக் குறிப்பாணை, ஒழுங்கு நடவடிக்கை விதியின் 17(அ), 17(ஆ) என்று வளர்ந்து நிற்கும். மூன்றாவது, துறைத் தேர்வுகள். மே மாதமும் டிசம்பரிலும் தேர்வாணையமே நடத்துகிறது. சில தாள்களைப் புத்தகம் பார்த்தே எழுதலாம். இதைத் தள்ளிப்போட்டவர்கள் பதவி உயர்வில் ஜூனியருக்குக் கீழே போனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான்காவது, களஞ்சியத்தில் தன் பணிப்பதிவேட்டைத் திறந்து பிறந்த தேதி, பணியேற்ற தேதி, கல்வித் தகுதி, வாரிசாகக் குறிப்பிட்டவர் (நாமினி) பெயர் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கட்டும். இப்போது திருத்துவது ஒரு கடிதம், இருபது வருஷம் கழித்துத் திருத்துவது ஒரு வழக்கு.

அப்புறம், அந்த அலுவலகத்தில் எல்லாரும் பயப்படுகிற மூத்த ஆள் யாராவது ஒருவர் இருப்பார். மதிய நேரத்தில் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், 'சார், இதற்குக் குறிப்பு எப்படித் தொடங்கணும்னு தெரியலை' என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் நாள் எரிந்து விழலாம், அதற்காக இரண்டாம் நாள் போகாமல் இருக்க வேண்டாம். இவ்வளவும் செய்த பிறகும் முடியவில்லை, குரூப் 2-க்குப் படிக்கிறேன் என்றால் படிக்கட்டும். தடையின்மைச் சான்றுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். ராஜினாமா கடிதத்தை மட்டும் இப்போது கொடுக்க வேண்டாம். அதைக் கொடுத்து ஏற்பாகிவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம், பார்த்த காலமும் கணக்கில் வராமல் போகும். முடியாத நாட்களுக்கு விதியில் விடுப்பு இருக்கிறது. எந்த விடுப்பு, எத்தனை நாள் கேட்கலாம் என்று சந்தேகம் இருந்தால், அக்கா எந்தத் துறை, எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பதை இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.